55 தோல்விகள், ஒரு பெயர்

அமெரிக்காவில் செப்டம்பர் இறுதி வாரம் பேஸ்பால் ரசிகர்களின் உறக்கத்தைக் கெடுக்கும் காலம். ஏப்ரலை ஒட்டித் தொடங்கும் பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஆறு மாதங்களாகச் சேர்ந்த வெற்றி தோல்விகளின் கணக்கு, கடைசி நான்கைந்து நாள்களில்தான் தீர்கிறது. இன்று 30 அணிகளில் 12 அணிகள் அடுத்த சுற்றுக்குச் செல்லலாம். ஆனாலும் ஒரேயோர் ஆட்ட வித்தியாசத்தில் வாய்ப்பை இழக்கும் அணி ஆண்டுதோறும் இருக்கத்தான் செய்கிறது. அத்தகைய அணியின் ரசிகர்கள் உடனே ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்குகிறார்கள்: யாரால் தோற்றோம்?

இந்தக் கேள்விக்கு 1908ஆம் ஆண்டில் நியூயார்க் நகரம் கண்டுபிடித்த விடையின் பெயர் ஃபிரெட் மெர்க்கல். அப்போது அவருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. அதன் பிறகு 47 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பதினாறு பருவங்கள் பெரும் லீகுகளில் ஆடினார், 1,500க்கும் மேற்பட்ட முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார், ஐந்து முறை உலகத் தொடரில் களமிறங்கினார். எனினும் அவர் இறந்தபோது வெளியான செய்திகள் அவர் ஓடாமல் விட்ட சில அடிகளைப் பற்றியே பேசின. விளையாட்டு வரலாற்றில் அவ்வளவு சிறிய செயலுக்கு அவ்வளவு நீண்ட தண்டனை பெற்றவர்கள் மிகச் சிலரே.

கார்ல் ஃபிரடெரிக் ருடால்ஃப் மெர்க்கல் 1888 டிசம்பர் 20 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் பிறந்தார். வளர்ந்தது ஒஹையோ மாநிலத்தின் டொலிடோவில். சிறு நகர அணிகளில் ஆடிக்கொண்டிருந்த அந்த நெடிய இளைஞரை 1907இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி வாங்கியது. அப்போது அவருக்கு வயது 18. அந்நாளில் ஜயண்ட்ஸ் அணி என்பது சாதாரண அணி அன்று. அதன் மேலாளர் ஜான் மெக்ரா, நடுவர்களோடும் எதிரணியோடும் ஓயாமல் சண்டையிடும் கடுங்கோபக்காரர். ஆட்டத்தின் நுட்பங்களை அவரளவு அறிந்தவர்கள் குறைவு. அணியின் முதன்மைப் பந்து வீச்சாளர் கிறிஸ்டி மேத்யூசன், 1908ஆம் ஆண்டில் மட்டும் 37 வெற்றிகளை ஈட்டியவர். இத்தகையவர்கள் நடுவே, லீகிலேயே மிக இளைய ஆட்டக்காரர்களில் ஒருவரான மெர்க்கல், பெரும்பாலும் ஓய்வு பலகையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று அணிகளின் போட்டி

அன்றைய ஏற்பாடு இன்றையதைவிடக் கடுமையானது. நேஷனல் லீகில் எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் 154 ஆட்டங்கள். முதலிடம் பெறும் ஓர் அணி மட்டுமே லீகின் கொடியை வென்று, அமெரிக்கன் லீகின் முதல் அணியோடு உலகத் தொடரில் மோதும். இரண்டாம் இடத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. 1908 செப்டம்பரில் நியூயார்க் ஜயண்ட்ஸ், சிகாகோ கப்ஸ், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஆகிய மூன்று அணிகளும் ஒன்றை ஒன்று முந்தியபடி வந்தன. அமெரிக்கன் லீகிலும் அதே நிலை. அங்கே டெட்ராய்ட் அணி கிளீவ்லாந்தை அரை ஆட்ட வித்தியாசத்தில்தான் முந்தியது. வானொலி ஒலிபரப்பு இல்லாத அக்காலத்தில், பத்திரிகை அலுவலகங்களின் வாசலில் வைத்த பலகைகளில் தந்தி வழி வரும் முடிவுகளைக் காண ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டனர்.

இந்தப் போட்டியின் போக்கை மாற்றிய விதி ஒன்றை இங்கே விளக்க வேண்டும். பேஸ்பாலில் ஓர் அணியில் மூவர் ஆட்டமிழந்தால் அந்த இன்னிங்ஸில் அதன் முறை முடியும். பந்தை அடித்தவர் முதல் தளத்தை நோக்கி ஓடும்போது, ஏற்கெனவே முதல் தளத்தில் நிற்பவர் இடத்தைக் காலி செய்து இரண்டாம் தளத்துக்குச் சென்றாக வேண்டும். அவர் போய்ச் சேருமுன் எதிரணியினர் பந்தோடு இரண்டாம் தளத்தைத் தொட்டுவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். அவ்வாறு ஆட்டமிழந்தவர் மூன்றாமவர் எனில், அதே நேரத்தில் வேறொருவர் ஹோம் பிளேட்டைத் தொட்டு எடுத்த ரன்னும் செல்லாது.

விதி நூலில் இது தெளிவாகவே இருந்தது. ஆனால் நடைமுறை வேறாக இருந்தது. கடைசி இன்னிங்ஸில் வெற்றி ரன் வந்துவிட்டால், மற்ற தளங்களில் நிற்போர் அடுத்த தளத்தைத் தொடாமலேயே உடை மாற்றும் அறைக்கு ஓடிவிடுவார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி, அதன் வழியாகவே வெளியேறும் வழக்கம் அன்று இருந்தது. அந்தக் கூட்டத்தில் சிக்கிக்கொள்ளாமல் தப்பிப்பதே ஆட்டக்காரர்களின் கவலை. ஆண்டுக் கணக்கில் இப்படி நடந்தும் எந்த நடுவரும் யாரையும் ஆட்டமிழந்தவராக அறிவிக்கவில்லை.

இதை மாற்றியவர் சிகாகோ அணியின் இரண்டாம் தளக் காவலர் ஜானி எவர்ஸ். உருவத்தில் சிறியவர், விதி நூலைக் கரைத்துக் குடித்தவர். செப்டம்பர் 4 அன்று பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆட்டத்தின் பத்தாவது இன்னிங்ஸில் பைரேட்ஸ் அணி வெற்றி ரன் எடுத்தது. அப்போது முதல் தளத்தில் நின்ற வாரன் கில் என்ற ஆட்டக்காரர் இரண்டாம் தளத்தைத் தொடாமல் திரும்பினார். எவர்ஸ் பந்தை வாங்கித் தளத்தை மிதித்து, ரன் செல்லாது என்று முறையிட்டார். அந்த ஆட்டத்தின் ஒரே நடுவரான ஹாங்க் ஓடே, தாம் அதைக் கவனிக்கவில்லை என்று கூறி மறுத்தார். லீக் தலைவர் ஹாரி புல்லியமும் சிகாகோவின் முறையீட்டைத் தள்ளினார். ஆனால் எவர்ஸின் வாதத்தில் நியாயம் இருப்பதை ஓடே மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

அதற்கும் மெர்க்கலின் நாளுக்கும் இடையே 19 நாள்கள். பழைய வழக்கம் இனிச் செல்லுபடியாகாமல் போகலாம் என்ற எச்சரிக்கையை உணர்ந்து ஆட்டக்காரர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் லீகின் நிர்வாகிகளும் அணி மேலாளர்களும். அந்தப் பொறுப்பை வாய்ப்புக்காகக் காத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் தலையில் சுமத்துவது எவ்வகையிலும் பொருந்தாது.

செப்டம்பர் 23

அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஜயண்ட்ஸும் கப்ஸும் மோதின. ஜயண்ட்ஸின் வழக்கமான முதல் தளக் காவலர் ஃபிரெட் டென்னிக்கு இடுப்பு வலி. அந்தப் பருவத்தில் முதன்முறையாக, ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே களமிறங்கும் வாய்ப்பு மெர்க்கலுக்குக் கிடைத்தது. ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பகுதியில் ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் இருந்தது. ஜயண்ட்ஸின் இருவர் ஆட்டமிழந்திருந்தனர். முதல் தளத்தில் மூஸ் மெக்கார்மிக் நின்றார். அந்த நெருக்கடியில் மட்டை பிடிக்க வந்த மெர்க்கல் பந்தை வலப்புறக் களத்துக்கு அடித்தார். மெக்கார்மிக் மூன்றாம் தளத்துக்கு ஓடினார். மெர்க்கல் முதல் தளத்தில் நின்றார். வெற்றிக்கான வாய்ப்பை உருவாக்கியதே அந்த இளைஞரின் அடிதான் என்பதைப் பிற்காலத்தில் யாரும் நினைவில் வைக்கவில்லை.

அடுத்து வந்த அல் பிரிட்வெல் பந்தை நேராக நடுக்களத்துக்கு அடித்தார். தளங்களுக்கு அருகே நின்ற நடுவர் பாப் எம்ஸ்லி, பந்து தம் மீது படாமலிருக்கத் தரையில் விழுந்தார். மெக்கார்மிக் ஓடிவந்து ஹோம் பிளேட்டைத் தொட்டார். ஜயண்ட்ஸ் வென்றது என்று அரங்கமே நம்பியது. ஆயிரக்கணக்கானோர் களத்துக்குள் பாய்ந்தனர். இரண்டாம் தளத்துக்குப் பாதி வழி ஓடிய மெர்க்கல், எல்லோரும் எப்போதும் செய்ததைச் செய்தார்: திரும்பி, வெளிக்களத்துக்கு அப்பால் இருந்த உடை மாற்றும் அறையை நோக்கி ஓடினார்.

எவர்ஸ் காத்திருந்தது இதற்காகத்தான். நடுக்களக் காவலர் ஹாஃப்மனிடம் பந்தைக் கேட்டுக் கத்தினார். பந்து வந்தது, ஆனால் எவர்ஸின் நோக்கத்தைப் புரிந்துகொண்ட ஜயண்ட்ஸின் மூத்த வீரர் ஜோ மெக்கின்னிட்டி இடையில் புகுந்து, பந்தைப் பிடுங்கிக் கூட்டத்துக்குள் வீசி எறிந்தார். சிறிது நேரத்தில் எவர்ஸ் கையில் ஒரு பந்துடன் இரண்டாம் தளத்தின் மீது நின்றார். அது அதே பந்துதானா, வேறொன்றா என்ற வாதம் இன்றுவரை முடியவில்லை. விழுந்து எழுந்த எம்ஸ்லி தாம் எதையும் பார்க்கவில்லை என்றார். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்ற நடுவரோ அதே ஹாங்க் ஓடே. இம்முறை அவர் கவனித்திருந்தார். மெர்க்கல் ஆட்டமிழந்தார், ரன் செல்லாது என்று தீர்ப்பளித்தார். களத்தை மக்கள் வெள்ளம் நிறைத்திருந்தது, இருளும் சூழத் தொடங்கியது. ஆட்டத்தைத் தொடர முடியாததால் அது சமனில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

மறுநாள் நியூயார்க் பத்திரிகைகள் மெர்க்கலின் மீது பாய்ந்தன. அவருடைய செயலை மன்னிக்க முடியாத மூடத்தனமாகச் சித்திரித்தன. விரைவிலேயே ஒரு பட்டப்பெயர் பிறந்தது: போன்ஹெட். நம் பேச்சு வழக்கில் சொன்னால், மரமண்டை. அந்தச் சொல் மெர்க்கலின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு, அவர் வாழ்நாள் முழுவதும் பிரியவே இல்லை.

எண்கள் சொல்லும் உண்மை

ஜயண்ட்ஸ் தரப்பு, தாங்களே வென்றதாக லீகிடம் முறையிட்டது. களத்தை ஒழுங்குபடுத்தி ஆட்டத்தைத் தொடராத ஜயண்ட்ஸ் தோற்றதாக அறிவிக்க வேண்டும் என்றது சிகாகோ. புல்லியம் இரண்டையும் மறுத்து, நடுவரின் தீர்ப்பை உறுதி செய்தார். அக்டோபர் முதல் வாரத்தில் லீகின் இயக்குநர் குழுவும் அதையே வழிமொழிந்தது. பருவத்தின் முடிவில் இரு அணிகளும் சமமாக நின்றால் அந்த ஆட்டம் மீண்டும் ஆடப்படும் என்று முடிவாயிற்று.

இதற்கிடையே ஜயண்ட்ஸுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் முக்கியம். செப்டம்பர் 23க்குப் பின்னும் அந்த அணியின் கையில் பல ஆட்டங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கூடுதலாக வென்றிருந்தால் மெர்க்கலின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஃபிலடெல்ஃபியா அணியின் ஹாரி கொவெலெஸ்கி என்ற புதுமுகப் பந்து வீச்சாளர், ஐந்து நாள்களுக்குள் ஜயண்ட்ஸை மூன்று முறை வீழ்த்தினார். அந்த மூன்று தோல்விகளுக்கும் மெர்க்கலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றில் ஒன்று மாறியிருந்தால் கொடி நியூயார்க்குக்குச் சென்றிருக்கும். எனினும் அவற்றுக்காக ஜயண்ட்ஸ் வீரர் எவருக்கும் பட்டப்பெயர் சூட்டப்படவில்லை.

அக்டோபர் 4 அன்று கப்ஸிடம் தோற்றுப் பிட்ஸ்பர்க் போட்டியிலிருந்து விலகியது. ஜயண்ட்ஸ் தன் கடைசி மூன்று ஆட்டங்களையும் பாஸ்டனுக்கு எதிராக வென்று கணக்கைச் சமன் செய்தது. இரு அணிகளுக்கும் 98 வெற்றிகள், 55 தோல்விகள். மெர்க்கலின் ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டதால், ஜயண்ட்ஸின் அந்த 55 தோல்விகளில் அது ஒன்றாகக்கூட இடம்பெறவில்லை. ஆயினும் அந்தப் பருவத்தைத் தோற்றவர் மெர்க்கல் என்றே ஊர் பேசியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்ற நம் பழமொழிக்கு இதைவிடத் துல்லியமான கணக்கு கிடைப்பது அரிது.

அக்டோபர் 8 அன்று மறு ஆட்டம். போலோ கிரவுண்ட்ஸ் நிரம்பி வழிந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் அருகிலிருந்த குன்றின் மீதும், மேம்பால ரயில் பாதையின் மீதும் ஏறினார்கள். அவ்வாறு ஏறிய ஒருவர் தவறி விழுந்து உயிரிழந்தார். அன்று முதல் தளத்தில் மீண்டும் டென்னியே நின்றார். ஜயண்ட்ஸுக்காகப் பந்து வீசியவர் மாபெரும் மேத்யூசன். ஆனால் ஓயாத உழைப்பால் அவர் கை களைத்திருந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் சிகாகோ அவரிடமிருந்து நான்கு ரன்கள் எடுத்தது. ஜோ டிங்கர் அடித்த பந்து, நடுக்களக் காவலர் சைமூரின் தலைக்கு மேல் சென்று விழுந்தது. மறுபுறம், சிறுவயதில் வயல் இயந்திரத்தில் சிக்கிக் கை விரல் சிதைந்த மோர்டிகாய் பிரவுன் ஜயண்ட்ஸைக் கட்டிப்போட்டார். சிகாகோ 4-2 என்று வென்றது. சிகாகோ வீரர்கள் காவலர்களின் பாதுகாப்போடு தப்பி ஓட வேண்டியிருந்தது.

அந்தத் தோல்வியிலும் மெர்க்கலுக்குப் பங்கில்லை. களைத்த பந்து வீச்சாளரும், பந்தைத் தலைக்கு மேல் தவறவிட்ட காவலரும், பிரவுனிடம் திணறிய மட்டையாளர்களும் பங்கு கொண்ட தோல்வி அது. அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. எதிரணி அன்று மேலாக ஆடியது, அவ்வளவுதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த மறு ஆட்டத்துக்கு முன், முடிவை ஜயண்ட்ஸுக்குச் சாதகமாக்க நடுவர்களுக்குக் கையூட்டு தர முயற்சி நடந்ததாக நடுவர்களே புகார் கூறினர். விசாரணையின் முடிவில், ஜயண்ட்ஸ் அணியோடு தொடர்புடைய மருத்துவர் ஒருவர் மைதானங்களுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது. ஆட்டத்தின் நேர்மையையே தகர்க்கக்கூடிய அந்தப் புகாரை இன்று ஆய்வாளர்களைத் தவிர யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. வழக்கப்படி நடந்துகொண்ட ஓர் இளைஞனின் ஓட்டமோ நூறாண்டைத் தாண்டியும் பேசப்படுகிறது.

துணை நின்றவர்

கோபத்துக்குப் பேர்போன ஜான் மெக்ரா தன் மேல் பாய்வார் என்றே மெர்க்கல் எதிர்பார்த்திருக்க வேண்டும். நடந்தது வேறு. அந்தத் தோல்விக்கு மெர்க்கலைப் பொறுப்பாக்க மெக்ரா ஒருபோதும் ஒப்பவில்லை. வேறு எத்தனையோ ஆட்டங்களில் எத்தனையோ பேர் செய்த பிழைகளால்தான் கொடி பறிபோனது என்பதே அவருடைய நிலை. மனமுடைந்து, தன்னை விடுவித்துவிடும்படி கேட்ட இளைஞரை அவர் அணியில் வைத்துக்கொண்டதோடு, ஊதியத்தையும் உயர்த்தினார். நியூயார்க்கின் பத்திரிகைகளும் ரசிகர்களும் ஒருபக்கம் நிற்க, எதிர்ப்பக்கம் நின்ற அந்த ஒரு மனிதரின் உறுதிதான் மெர்க்கலின் விளையாட்டு வாழ்க்கையைக் காப்பாற்றியது.

1910 முதல் மெர்க்கல் ஜயண்ட்ஸின் நிலையான முதல் தளக் காவலர் ஆனார். 1911, 1912, 1913 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அந்த அணி லீகின் கொடியை வென்றது. தளங்களைத் திருடுவதில் வல்லவராகவும், முக்கியமான நேரத்தில் அடிக்கக்கூடியவராகவும் அவர் பெயர் பெற்றார். 1912இல் அவருடைய மட்டைச் சராசரி .309. ஜயண்ட்ஸ் அணியிலேயே மிகக் கூர்மையான அறிவு கொண்டவர் மெர்க்கல் என்றும், ஆட்ட உத்திகள் குறித்து மெக்ரா கலந்து பேசியது அவரிடம்தான் என்றும் அணியின் பந்துபிடிப்பாளர் சீஃப் மேயர்ஸ் முதுமையில் நினைவுகூர்ந்தார். மைதானம்தோறும் மரமண்டை என்று கூவி அழைக்கப்பட்டவரைப் பற்றி உடன் ஆடியவரின் மதிப்பீடு இது.

விதி மறுபடியும் அவரைச் சீண்டியது. 1912 உலகத் தொடரின் இறுதி ஆட்டம் பாஸ்டனில் நடந்தது. பத்தாவது இன்னிங்ஸில் மெர்க்கல் அடித்த பந்தில்தான் ஜயண்ட்ஸ் 2-1 என்று முன்னிலை பெற்றது. வெற்றி பெற்றிருந்தால் 1908இன் கறை அன்றே கழுவப்பட்டிருக்கும். ஆனால் பாஸ்டனின் முறையில் ஃபிரெட் ஸ்னாட்கிராஸ் எளிதான பந்து ஒன்றைக் கைநழுவ விட்டார். பிறகு டிரிஸ் ஸ்பீக்கர் உயரே அடித்த பந்து, யார் பிடிப்பது என்ற குழப்பத்தில் மெர்க்கல், மேயர்ஸ், மேத்யூசன் ஆகிய மூவருக்கும் நடுவே தரையில் விழுந்தது. பிழைத்த ஸ்பீக்கர் அடுத்து அடித்த அடியில் ஆட்டம் சமனானது. பாஸ்டன் 3-2 என்று வென்றது. இம்முறை பழியின் பெரும்பகுதி ஸ்னாட்கிராஸைச் சேர்ந்தது. அவர் பிற்காலத்தில் கலிஃபோர்னியாவில் வங்கியாளராகவும் ஒரு நகரின் மேயராகவும் விளங்கினார். ஆனாலும் 1974இல் அவர் இறந்தபோது நியூயார்க் டைம்ஸ் தந்த தலைப்பு அந்தக் கைநழுவிய பந்தைத்தான் சொன்னது. பந்தை நழுவவிட்ட உடனேயே, அடுத்த பந்தை அவர் அற்புதமாகப் பிடித்தார் என்பது தலைப்பில் இடம்பெறவில்லை.

மெர்க்கல் 1916இல் புரூக்ளின் அணிக்குச் சென்றார். அந்த ஆண்டு புரூக்ளின் லீகை வென்று உலகத் தொடரில் தோற்றது. அடுத்து அவரை வாங்கிய அணி, வேறெதுவும் அல்ல, சிகாகோ கப்ஸ்தான். 1918இல் கப்ஸும் லீகை வென்று உலகத் தொடரில் தோற்றது. ஐந்து உலகத் தொடர்கள், ஐந்திலும் தோல்வி. ஒருவரை எத்தனை முறை வாங்கி, எத்தனை முறை இறுதிக் கட்டத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்கள் என்ற கோணத்தில் பார்த்தால், அவர் எவ்வளவு மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்பது புலப்படும்.

பழியின் பிற பலிகள்

1908இன் நெருப்பு மெர்க்கலை மட்டும் சுடவில்லை. நடுவரின் தீர்ப்பை உறுதி செய்த லீக் தலைவர் ஹாரி புல்லியம், ஜயண்ட்ஸ் தரப்பின் ஓயாத வசைக்கு ஆளானார். இயல்பிலேயே மென்மையான மனம் படைத்த அவர், வேலைச்சுமையாலும் உட்பூசல்களாலும் நலம் குன்றி, 1909இன் தொடக்கத்தில் விடுப்பில் சென்றார். திரும்பி வந்த சில வாரங்களில், ஜூலை இறுதியில், நியூயார்க்கில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 40. அந்த முடிவுக்கு ஒரே காரணத்தைச் சுட்டுவது நேர்மையாகாது. ஆனால் விதியை விதியாகச் செயல்படுத்தியதற்காக அவர் பெற்ற ஏச்சுகள், ஏற்கெனவே தளர்ந்திருந்த மனத்துக்கு இதம் தந்திருக்க இயலாது.

வெற்றி ரன்னுக்கான பந்தை அடித்த பிரிட்வெல்லும் நிம்மதியாக இல்லை. தாம் அந்தப் பந்தை அடிக்காமல் ஆட்டமிழந்திருக்கலாமே, மெர்க்கலுக்கு இவ்வளவு துன்பம் நேர்ந்திருக்காதே என்று அவர் முதுமையில் வருந்தினார். மறுபுறம், எவர்ஸும் ஓடேயும் காலப்போக்கில் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். அவர்கள் செய்தது விதிப்படி சரியே. ஓடேயின் தீர்ப்பைத் தவறென்று சொல்வதற்கில்லை. அதே நேரம், பல்லாண்டுகள் உறங்கிய விதி எழுந்த நாளில் கண்ணில் பட்ட முதல் மனிதனை மூடன் என்று முத்திரையிட்டதும் நியாயமாகாது. தீர்ப்பு ஆட்டத்தைப் பற்றியது. முத்திரையோ மனிதனைப் பற்றியது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைய நியூயார்க் தவறியது.

பெரும் லீகுகளிலிருந்து விலகிய மெர்க்கல், சிறு லீகுகளில் ஆடினார். 1925, 1926 ஆண்டுகளில் நியூயார்க் யாங்கீஸ் அணியோடு சில காலம் இருந்தார். பிறகு ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் குடியேறினார். 1929இல் அங்கே ஒரு சிறு அணியை அவர் நடத்தி வந்தபோது, இளம் ஆட்டக்காரர் ஒருவர் அவரைப் பழைய பட்டப்பெயரால் அழைத்ததாகவும், மறுபேச்சின்றி அவர் மைதானத்தை விட்டு வெளியேறி, அந்தத் தொழிலுக்கே முழுக்குப் போட்டதாகவும் சொல்லப்படுகிறது. 21 ஆண்டுகள் கடந்தும், அடுத்த தலைமுறைவரை அந்தச் சொல் வந்து சேர்ந்திருந்தது. பெருமந்தக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தின்கீழ் பாலப் பணியில் உழைத்தார். பின்னர் மீன் தூண்டிலுக்கான மிதவைகள் செய்யும் தொழிலில் பங்குதாரராகி, ஓரளவு நிம்மதியாக வாழ்ந்தார். பத்திரிகையாளர்களைத் தவிர்த்தார், பேட்டி கேட்டு வருபவர்கள் எதைக் கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

1950இல், பழைய வீரர்களைக் கௌரவிக்கும் நிகழ்ச்சிக்காகப் போலோ கிரவுண்ட்ஸுக்கு வர ஒருவழியாக இசைந்தார். 61 வயது மெர்க்கல் களத்தில் காலடி வைத்தபோது, அவர் அஞ்சிய கேலிக்கூச்சல் எழவில்லை. கூட்டம் கைதட்டி வரவேற்றது. அந்த ஆரவாரம் 42 ஆண்டுகள் தாமதமாக வந்தது. 1956 மார்ச் 2 அன்று டேடோனா பீச்சில் தம் 67ஆம் வயதில் அவர் காலமானார். இறப்புச் செய்தியின் தலைப்பிலும் இரண்டாம் தளம் இடம்பெற்றது. அவர் பிறந்த வாட்டர்டவுன் நகரில் பள்ளி மாணவர்கள் பேஸ்பால் ஆடும் மைதானத்துக்கு இன்று ஃபிரெட் மெர்க்கலின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2005இல் அங்கே அவருக்கு நினைவுக் கல்லும் நிறுவப்பட்டது.

தனி மனிதரைப் பலிகொடுக்கும் இந்த வழக்கம் பேஸ்பாலுக்கு மட்டும் உரியதன்று. 1950 உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றதற்காக, அதன் கோல்காப்பாளர் மொவாசீர் பார்போசா 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை பழி சுமந்தார். 1994 உலகக் கோப்பையில் தம் அணியின் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிட்ட கொலம்பியாவின் ஆந்த்ரெஸ் எஸ்கோபார், நாடு திரும்பிய சில நாள்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினொருவர் ஆடிய ஆட்டத்தின் முடிவை ஒருவரின் பெயரில் எழுதும்போது மற்றப் பத்துப் பேரும், பயிற்சியாளரும், நிர்வாகமும், எதிரணியின் திறமையும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. ரசிகனுக்கு அது வசதியாக இருக்கிறது. ஆறு மாதக் கணக்கை மனத்தில் வைத்திருப்பது கடினம். ஒரு காட்சியை வைத்திருப்பது எளிது.

கடைசி நாள்களின் ஆட்டங்கள் நமக்கு அதிக எடை கொண்டவையாகத் தோன்றுவதும் இதனால்தான். பட்டியலில் ஏப்ரலில் பெற்ற தோல்வியும் செப்டம்பரில் பெற்ற தோல்வியும் ஒரே எண்ணிக்கையாகத்தான் பதிவாகின்றன. ஏப்ரலில் பிழை செய்தவரின் பெயர் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதைச் சரிசெய்யக் காலம் இருந்தது என்று விட்டுவிடுகிறோம். செப்டம்பரில் பிழை செய்தவருக்கு அந்தக் காலம் கிடைப்பதில்லை. அவர் செய்த பிழையின் அளவு அதேதான்; நாள்காட்டி மட்டுமே வேறு. தேர்வு முடிவுகளிலும், தேர்தல் தோல்விகளிலும், நிறுவனங்களின் சரிவுகளிலும் கடைசியாகக் கையில் பந்து வைத்திருந்தவரையே நாம் தேடுகிறோம். பெரும்பாலும் அவர் அங்கே இருப்பவர்களில் இளையவராகவும், எதிர்த்துப் பேசும் வலிமை அற்றவராகவும் இருக்கிறார்.

இவ்விடத்தில் ஜான் மெக்ராவின் செயலை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குத் தப்பிக்க எளிய வழி இருந்தது. மெர்க்கலை நீக்கியிருந்தால் நகரம் மகிழ்ந்திருக்கும். அணியின் பிற குறைகளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அதைச் செய்யாமல், தோல்வியை அணியின் தோல்வியாகவே ஏற்றார். அதன் பலனாக மூன்று கொடிகளை வென்ற முதல் தளக் காவலர் அவருக்குக் கிடைத்தார். தலைமைப் பொறுப்பில் இருப்போர், தம் கீழ் உள்ள ஓர் இளையவர் ஊராரின் கோபத்துக்கு ஆளாகும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இது தக்க முன்னுதாரணம். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஊர்வாய் சொல்வதைத் திருப்பிச் சொல்லாமலிருக்க யாராலும் முடியும்.